கால் கிரவுண்டு வீட்டுக்கு யார் விலை வைப்பது?



சென்ற இதழுக்குப் பிறகு வந்த தபால்களில் காசிமேட்டு வாசகி ஒருவரின் கடிதம் இன்னும் என் மேஜையிலேயே இருக்கிறது. கணவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. பிள்ளைகள் வெளியூரில். கையில் வருவது சொற்பமான குடும்ப பென்ஷன். ஆனால் சொந்த வீடு இருக்கிறது. அதை விற்க மனமில்லை. அதன் பேரில் கடன் கிடைக்குமா என்று ஒரு வங்கியில் கேட்டிருக்கிறார். மதிப்பீட்டாளர் வந்து அளந்து போனார். தெருவே நாற்பது லட்சம் என்று பேசும் வீட்டுக்கு அவர் எழுதிய தொகை அதைவிட வெகு குறைவு. “புரோக்கர் பொய் சொல்றாரா, பாங்க்காரர் பொய் சொல்றாரா, நீங்களாவது சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அம்மா. ஒரே வீட்டுக்கு நம் ஊரில் ஒரே நேரத்தில் பல விலைகள் உண்டு. புரோக்கர் சொல்வது, ஆள் கிடைத்தால் வாங்கக்கூடிய விலை. பத்திரப் பதிவுத் துறை வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது, நாளைக்குக் கடன் வராமல் போய் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் என்ன தேறும் என்பதை மனத்தில் வைத்து எழுதுகிற விலை. அவருடைய அறிக்கையிலேயே மூன்று தொகைகள் இருக்கும்: சந்தை மதிப்பு, அதைவிடக் கொஞ்சம் குறைத்து விற்றால் உறுதியாகக் கைக்கு வரும் மதிப்பு, அவசரத்தில் விற்றால் கிடைக்கும் மதிப்பு. வங்கி பெரும்பாலும் பார்ப்பது பின்னால் உள்ள இரண்டையும்தான்.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நம் வாசகர்களுக்கு ஒருமுறையாவது விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. வடசென்னையில் சொந்த வீடு என்பது பல குடும்பங்களின் ஒரே சேமிப்பு. அந்தச் சேமிப்புக்கு விலை எழுதும் காகிதத்தை வீட்டுக்காரர் கடைசிவரை கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

திருவொற்றியூரில் நத்தம் நிலத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பு மனையில், கட்டிய ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வந்தபோது, வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு நானும் கூட இருந்தேன். இளைஞர். கையில் லேசர் அளவுகோல், பையில் பழைய டேப்பும் உண்டு. வாசலில் வீட்டுக்கார அம்மாவை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை வாய்விட்டு வாசித்து, வடக்கே யார் வீடு, தெற்கே எந்தச் சந்து என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சரிபார்த்தார். பத்திரத்தில் பெயர் இருந்த கிழக்கு எல்லைக்காரர் காலமாகி, அந்த மனை இரண்டாகப் பிரிந்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சந்துக்குப் போய் அகலம் அளந்தார். ஆட்டோ நுழையும், கார் நுழையாது. மாடிப்படிக்குக் கீழே நிமிர்ந்து பார்த்தார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பெயர்ந்து நின்றது. “இதப் பூசி மறைச்சிருக்கலாமே” என்றார் அம்மா. “பூசினாலும் தட்டிப் பாத்தா தெரியும்மா” என்று தன்மையாகச் சொன்னார் அவர். கிளம்பும்போது தெருமுனை மளிகைக் கடையில் நின்று, சமீபத்தில் இங்கே என்ன விலைக்கு வீடு போச்சு என்று விசாரித்ததையும் பார்த்தேன். மொத்தமே அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம்தான் அந்தக் குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்புக்கு எண் கொடுக்கிறது.

அவர் போடும் கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் தெருவுக்கு வேறாக இருக்கும். கால் கிரவுண்டு, அதாவது 600 சதுர அடி மனை. மெயின் ரோட்டில் சதுர அடி 6,000 ரூபாய் என்றால், கார் நுழையாத சந்தில் 4,500 என்று வைப்பார். மனைக்கு 27 லட்சம் ஆயிற்று. அதன் மேல் 700 சதுர அடிக் கட்டடம். இன்றைக்குக் கட்டினால் அடிக்கு 1,800 என்று கொண்டால் 12 லட்சத்து 60 ஆயிரம். ஆனால் கட்டி நாற்பது வருடம் ஆகிறது. கான்கிரீட் கட்டடத்துக்கு அறுபது வருட ஆயுள் என்று எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு தேய்மானத்தில் போய், 4 லட்சத்து 20 ஆயிரம் மிஞ்சும். சந்தை மதிப்பு 31 லட்சத்துச் சொச்சம். அதில் பத்து சதவீதம் கழித்தால் 28 லட்சம். அவசர விற்பனை என்று இருபது சதவீதம் கழித்தால் 25 லட்சம். புரோக்கரின் 40 லட்சம் இப்படித்தான் 25 ஆகிறது. நடுவில் யாரும் ஏமாற்றவில்லை. சந்தும், வயதும், அவசரமும் கழிந்திருக்கின்றன.

மதிப்பீட்டாளர் அக்கம்பக்கத்து விற்பனையைப் பார்க்கிறார் என்றேன். மளிகைக் கடையில் கேட்டது அவருக்குத் துணைச் செய்திதான். அறிக்கையில் ஆதாரமாகக் காட்ட, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். நம் பகுதியில் பதிவான கிரயங்களில் பெரும்பாலானவை வழிகாட்டி மதிப்புக்கு எழுதப்பட்டவை. மீதி கையில் மாறியவை. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பத்து வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் குறைத்து எழுதிய தொகை, இன்று உங்கள் வீட்டின் மதிப்பைக் கீழே இழுக்கிறது. வழிகாட்டி மதிப்பும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 2012-இல் உயர்ந்தது, 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது, கூடவே பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்திலிருந்து நான்காக ஏறியது, 2023 ஏப்ரலில் பழைய மதிப்பே திரும்பி, பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமாக இறங்கியது. ஆகவே 2018-இல் பதிவான கிரயத்தையும் 2024-இல் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே தெரு இரண்டு ஊர் மாதிரித் தெரியும். நல்ல மதிப்பீட்டாளருக்கு இது தெரியும். அவசரமாக வந்து போகிறவருக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி காசிமேட்டு வாசகி உண்மையில் எதைத் தேடுகிறாரோ அதற்கு வருகிறேன். வீட்டை அடமானம் வைத்து வாங்கும் சாதாரணக் கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். வருமானமே இல்லாதவர் தவணைக்கு எங்கே போவார்? அவருக்குப் பொருத்தமாக மத்திய அரசின் ஆதரவோடு ஒரு திட்டம் இருக்கிறது. ரிவர்ஸ் மார்ட்கேஜ். 2007-08 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அறிவித்தார், தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறைகளை வகுத்தது, 2008-இல் வருமான வரித் துறை இதற்கென்று தனித் திட்டமே அறிவித்தது. இதில் வரும் மாதத் தொகையை வருமானமாகக் கணக்கிட்டு வரி போடுவதில்லை.

அறுபது வயது நிறைந்தவர், தான் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியிடம் ஈடு வைக்கிறார். வங்கி அவருக்கு மாதாமாதம் பணம் தருகிறது. அவர் தவணை கட்டுவதில்லை. அவரும் துணைவரும் உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்வரை யாரும் எழுப்ப முடியாது. இருவர் காலத்துக்கும் பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வங்கி விற்றுக் கடனைக் கழித்து மீதியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றாலும் பிள்ளைகளின் சட்டைப்பையில் கை வைக்க முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் ரத்து செய்ய மூன்று நாள் அவகாசமும் விதிமுறையில் உண்டு.

ஆனால் இங்கே மதிப்பீடு எவ்வளவு கூர்மையாக வந்து தைக்கிறது பாருங்கள். வீட்டுக்கு இன்னும் குறைந்தது இருபது வருட ஆயுள் இருக்க வேண்டும் என்பது விதி. என் உதாரண வீட்டுக்கு அறுபதில் நாற்பது போய், சரியாக இருபதுதான் மிச்சம். ஊதிய கம்பியைப் பார்த்துவிட்டு மதிப்பீட்டாளர் பேனாவால் “பதினைந்து” என்று எழுதினால், கதவு அங்கேயே அடைபட்டுவிடும். இருபது என்றே எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். 31 லட்சம் மதிப்பில், வயதைப் பொறுத்து 18 லட்சம்வரை கடன் எல்லை கிடைத்தது. வட்டி பத்து சதவீதம். காலம் பதினைந்து வருடம். மாதம் எவ்வளவு வரும்? சுமார் 4,300 ரூபாய். பதினைந்து வருடத்தில் கைக்கு வருவது 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 18 லட்சத்தில் மீதி முழுக்க வட்டி. இதே வீட்டை 40 லட்சம் என்று மதித்திருந்தால் மாதத் தொகை ஆயிரத்துக்கும் மேல் கூடும். இ.பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மதிப்பீட்டில் வரும் வித்தியாசம் ஒரு பென்ஷனுக்குச் சமம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் காசு அது.

4,300 ரூபாய்க்காக வீட்டை ஈடு வைக்கலாமா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் இது சரி என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளில் ஒருவர் தாங்கக்கூடிய குடும்பத்தில் இது தேவையே இல்லை. யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் வீட்டில் தன் அடுப்பை எரிக்க நினைக்கும் ஒரு தாய்க்கு அந்தத் தொகை பெரிது; அவர் கேட்டால், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நம் கடமை. 2007-இல் வந்த திட்டம் இன்றுவரை நம் தெருக்களில் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பெயர் தெரிந்து போனவர்களும் திரும்பி வருவதற்குக் காரணம் விலை அல்ல, பத்திரம். வீடு சுயசம்பாத்தியமாக இருக்க வேண்டும், வில்லங்கம் இருக்கக் கூடாது என்கிறது விதி. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பாதி வீடுகள் தாத்தா பெயரில் இருக்கின்றன. பாகப்பிரிவினை வாயால் நடந்தது. மேல் போர்ஷன் அண்ணனுக்கு, கீழ் போர்ஷன் தம்பிக்கு. அக்கா தங்கையின் கையெழுத்து எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்றைக்கு மணமாகாத பெண்களுக்கு இந்துக் குடும்பச் சொத்தில் சம உரிமை உண்டு. 2005-இல் அது நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் விரிந்தது. வங்கி வக்கீல் முதலில் கேட்பது அந்தக் கையெழுத்தைத்தான். கேட்பது நியாயம்.

அடுத்தது நிலத்தின் வகை. எண்ணூர், எர்ணாவூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு எல்லாம் ஒரு காலத்துக் கிராமங்கள். தொழிற்சாலைகள் வந்து சுற்றி நின்றுவிட்டன. நிலத்தின் வகை மட்டும் பதிவேட்டில் இன்னும் கிராம நத்தம். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தன. 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. இத்தனை மாற்றத்துக்குள் தோராயப் பட்டாவோடு நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ. தோராயப் பட்டா என்பது நத்தம் நிலவரித் திட்டத்தில் முதலில் கொடுத்தது. ஆட்சேபம் இல்லையென்று உறுதியான பிறகு வருவது தூய பட்டா. வங்கிக்குத் தூய பட்டா வேண்டும். மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, வரி கட்டி, கரண்ட் பில் கட்டியவர் நத்தம் என்ற ஒரு சொல்லால் திருப்பி அனுப்பப்படுகிறார். வட்டாட்சியர் அலுவலகம் வார்டு வார்டாக முகாம் போட்டு இதைத் தீர்க்க முடியும். தீர்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

வாரியக் குடியிருப்புகளின் நிலை வேறு. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். தவணை கட்டி முடித்துக் கிரயப் பத்திரம் பெற்றவர்கள் உண்டு. ஒதுக்கீட்டு ஆணையோடு நின்றவர்கள், வெறும் பவர் எழுதிக்கொண்டு கைமாற்றி வாங்கியவர்கள் அதைவிட அதிகம் கண்ணில் படுகிறார்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் கட்டடத்தின் ஒரு பிளாக் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு முன்பே எல்லோரும் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. 1990-களில் கட்டிய கட்டடம் அது. முப்பது வருடம்கூடத் தாங்காத சுவருக்கு அறுபது வருட ஆயுள் என்று எந்த மதிப்பீட்டாளர் எழுதுவார்? சுவரின் தரத்தைக் குடியிருப்பவர் தீர்மானிக்கவில்லை. மதிப்பு மட்டும் அவர் கணக்கில் கழிகிறது.

இதே அநியாயம்தான் கரையோரத்திலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை கடல் உள்ளே வந்தது. குப்பங்கள் தெருத் தெருவாக நிலத்தை இழந்தன. கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறோம். 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வந்தபின் அங்கே வீட்டைப் புதுப்பிக்கவும் அனுமதி தேட வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம்வரை வந்து வீட்டுச் சுவர்களில் ஆள் உயரக் கறையை விட்டுப் போனது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தச் செய்திகளை எல்லோரும் படிக்கிறார்கள்; வீடு வாங்க வருகிறவரும் படிக்கிறார், மதிப்பீட்டாளரும் படிக்கிறார். தொழிற்சாலை செய்த கேடு, பக்கத்தில் குடியிருக்கும் தொழிலாளியின் வீட்டு மதிப்பில் கழிகிறது. நஷ்டஈடு கணக்கிடும்போது படகுக்கும் வலைக்கும் தொகை வைத்துப் பேசுகிறோம். வீட்டு மதிப்பு இறங்கியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இனிமேலாவது அதையும் கணக்கில் சேர்க்கக் கேட்க வேண்டும்.

இறங்கியது மட்டும் இல்லை, ஏறியதும் உண்டு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை வந்தது. காலடிப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உங்கள் வீடு இருந்தால், மதிப்பீட்டாளரிடம் அதைச் சொல்லுங்கள். வேறு பகுதியிலிருந்து வருகிறவருக்கு எந்தச் சந்து வழியாக ஐந்து நிமிடத்தில் நிலையத்துக்குப் போகலாம் என்று தெரியாது.

மறுபடி ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதே வகைக் கடன் 1988-இல் சட்டமாயிற்று. அங்கே அரசே காப்பீடு தருகிறது. வீட்டை விற்றுக் கடன் தீராவிட்டால் வங்கியின் நஷ்டத்தை அரசு ஏற்கும். அதனால் மதிப்பைக் கூட்டி எழுதும் பழக்கம் அங்கே சிக்கலானது. 2018 அக்டோபர் முதல், முதல் மதிப்பீடு சந்தேகமாகத் தெரிந்தால் இரண்டாவது மதிப்பீடு கட்டாயம், இரண்டில் குறைந்ததுதான் செல்லும் என்று விதி கொண்டுவந்தார்கள்.  நம் நாட்டில் அப்படி அரசுக் காப்பீடு இல்லாததால், வங்கி தன் பயத்தை மதிப்பீட்டிலேயே கழித்துக்கொள்கிறது. குறைத்து எழுதப்பட்டதாகக் கருதும் வீட்டுக்காரரும் இரண்டாவது மதிப்பீடு கேட்க வழி வேண்டும் என்பது என் கருத்து.

பத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூலப்பத்திரத்தை வங்கியில் கொடுத்துவைப்பதன் மூலமே அடமானம் செய்யலாம் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தில் உள்ளது. அந்தச் சட்டம் இந்த வசதிக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. கல்கத்தாவும் பம்பாயும் அப்படியே. மூன்றும் துறைமுகப் பட்டணங்கள். அவசரமாகப் பணம் புரட்ட வேண்டிய வியாபாரிகளுக்காக வந்த வழி அது. அன்றிலிருந்து நம் ஊரில் கடன் என்றாலே பத்திரம் வங்கிப் பெட்டகத்துக்குப் போகிறது. கடன் தீர்ந்தும் பத்திரம் வராமல் அலைந்தவர்கள் நம் வாசகர்களில் பலர். 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஓர் உத்தரவு போட்டது. கடன் முழுவதும் அடைபட்ட 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மேலாளரிடம் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

காசிமேட்டு அம்மாவுக்கு நான் எழுதிய பதிலை இங்கேயும் தருகிறேன். மதிப்பீட்டுக் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கிறது. ஆகவே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் மனையின் அளவு, சர்வே எண், செக்குபந்தி, கட்டடத்தின் வயது, மிச்ச ஆயுள் ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். கட்டடத்தின் வயது தப்பாக இருந்தால் பழைய வரி ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். மாடிப்படிக்குக் கீழே கம்பி ஊதியிருந்தால் கொத்தனாரை வைத்து முறையாகச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு அடுத்த வங்கிக்குப் போங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பேரப்பிள்ளைகளை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ். பிள்ளைகள் எல்லோரையும் ஒரு நாள் வரவழைத்து, விடுதலைப் பத்திரமோ செட்டில்மெண்டோ எழுதிப் பதிவு செய்யுங்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் கேட்பதாக இருந்தால், இப்படி வந்த வீட்டைச் சுயசம்பாத்தியமாக ஏற்பார்களா என்பதை அந்த வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு செலவு செய்யுங்கள்.

அடுத்த இதழில் நத்தம் பட்டா பற்றி ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இசைந்திருக்கிறார். தோராயப் பட்டாவோடு காத்திருப்பவர்கள் வார்டு எண்ணையும், எத்தனை வருடமாக அலைகிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பட்டாவின் நகல் வேண்டாம். அதைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள். வருகிற கடிதங்களை வார்டுவாரியாகத் தொகுத்து, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வட்டாட்சியர் அலுவலகங்களில் நானே நேரில் கொடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்